நானே கோத்த கணினியில் மேக்ஓஎஸ் போடலாமா?

கேள்வி கேட்ட தம்பி மதுரைக்குப் பக்கத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். ஐ5-10400எஃப் பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). எல்லாவற்றையும் தானே வாங்கி, தானே கோத்திருக்கிறார். இதில் ஆப்பிள் கணினிகளின் ஓஎஸ்ஸான மேக்ஓஎஸ் நிறுவி ஐபோன் ஆப் எழுதப் பழகலாமா, போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறார்.

தம்பி, இப்போது இருக்கும் பாகங்களோடு முடியாது. கார்டை மாற்றினால் முடியும். ஆனால் போட வேண்டுமா என்பது வேறு விஷயம். இப்படி ஒரு கணினியை இரண்டரை வருடம் கட்டி மேய்த்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் கார்டு. மேக்ஓஎஸ்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் ஓஎஸ்ஸோடேயே வர வேண்டும். என்விடியா ஒரு காலத்தில் மேக்குக்குத் தனி டிரைவர் கொடுத்துவந்தது. 2017இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான ஹை சியராவோடு அது நின்றுவிட்டது, 2018இல் வந்த மொஹாவேக்கு வரவே இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 சந்தைக்கு வந்ததே 2019இல். அதாவது உங்கள் கார்டுக்கு மேக் டிரைவர் என்று ஒன்றை யாரும் எழுதியதே கிடையாது. எந்த அமைப்பை மாற்றினாலும் வராது. டிரைவர் இல்லாமலும் திரையில் படம் தெரியும், ஆனால் ஒரு ஜன்னலை நகர்த்தினால் அது கோடு கோடாக இழுத்துக்கொண்டு வரும். அதில் வேலை செய்ய முடியாது.

இன்னொன்று, உங்கள் பிராசஸரின் பெயர் கடைசியில் வரும் அந்த ‘எஃப்’. வாங்கும்போது கொஞ்சம் விலை குறைவு என்றுதான் எல்லோரும் எஃப் வாங்குகிறோம். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. வெறும் 10400 ஆக இருந்தால் உள்ளே யூஎச்டி 630 இருக்கும், அதை மேக்ஓஎஸ் நன்றாகவே அடையாளம் காணும். கார்டே இல்லாமல் ஓட்டியிருக்கலாம்.

ஆக, ஏஎம்டி கார்டுதான் வழி. பழைய சந்தையில் ஆர்எக்ஸ் 560, 570, 580 கிடைக்கும், இவை எல்லாம் ஓடும். ஆர்எக்ஸ் 550 என்று மலிவாகக் கொடுத்தால் யோசியுங்கள். அந்தப் பெயரில் இரண்டு வேறு சிப்புகள் விற்றிருக்கிறார்கள், லெக்ஸா என்ற சிப் உள்ளதை மேக்ஓஎஸ் தானாக ஏற்காது. புதிதில் ஆர்எக்ஸ் 6600 ஓடும், மான்ட்ரே 12.1 முதல் ஆதரவு உண்டு. 7000 வரிசைக்கு டிரைவரே இல்லை. கார்டோடு எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். உங்கள் 1650 சுமார் 75 வாட் எடுக்கும். ஆர்எக்ஸ் 580 எடுப்பது 185 வாட், அதற்கு 8 பின் கேபிள் வேண்டும். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கிற பெயரில்லாத 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி 580ஐ ஏற்றாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், கிரிப்டோ மைனிங்கில் அடிபட்டு வந்த ஒரு 580 எப்படிக் கொதிக்கும் என்று பார்த்திருக்கிறேன். வாங்கினால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

சரி, இப்போது என் கதை. என் தாய்மாமா திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோவை ஃபைனல் கட் புரோவில் வெட்டிப் பழகியவர். 2020இல் கல்யாணங்கள் நின்று வருமானம் சுருங்கியிருந்த சமயம், அவருடைய பழைய ஐமேக்கின் போர்டு போய்விட்டது. புதிது வாங்கக் கையில் பணம் இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் நான் ஐ5-10400, பி460 போர்டு, ஆர்எக்ஸ் 580 வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். அப்போது மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பைப் போட்டேன்.

விண்டோஸ் போட்டுப் பழகியவர்களுக்கு இதில் புரியாத இடம் ஒன்று உண்டு. கணினியை ஆன் செய்ததும், தன்னிடம் என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்று மதர்போர்டு ஓஎஸ்ஸிடம் ஒரு அட்டவணைத் தொகுப்பைக் கொடுக்கும். அதற்கு ஏசிபிஐ என்று பெயர். விண்டோஸ் ஆயிரம் வகை போர்டுகளைப் பார்த்தது, எதைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்ளும். மேக்ஓஎஸ் ஆப்பிள் தன் கையால் எழுதிய அட்டவணையைத் தவிர வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை. கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புது இன்டெல் போர்டுகளில் ஏவாக் என்ற புதுவகைக் கடிகாரம் இயங்கும். மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஆர்டிசி. பெரும்பாலான போர்டுகளில் பழையதும் உள்ளே இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். ‘பழையதை எழுப்பு’ என்று சொல்லும் குட்டி அட்டவணை ஒன்றை நாம் சேர்த்துக் கொடுத்தால்தான் மேக்ஓஎஸ் மேலே நகரும். கடிகாரம் இல்லாமல் அது ஒரு அடி எடுத்து வைக்காது.

இந்தச் சேர்ப்பு வேலையைச் செய்வதுதான் ஓப்பன்கோர். கணினி எழும்போது முதலில் படிக்கும், வட்டின் இஎஃப்ஐ பகுதியில் உட்கார்ந்திருக்கும். முன்பு க்ளோவர் என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள், இப்போது எல்லோரும் ஓப்பன்கோர்தான். அது வட்டில் உள்ள மேக்ஓஎஸ்ஸைத் தொடுவதே இல்லை. அட்டவணைகளைத் திருத்தி, லிலு, வாட்எவர்கிரீன், வர்ச்சுவல்எஸ்எம்சி, ஆப்பிள்ஏஎல்சி மாதிரியான கெக்ஸ்டுகளை (மேக்ஓஎஸ்ஸுக்கான டிரைவர் மாதிரிக் கோப்புகள்) நினைவகத்தில் ஏற்றி, ‘இது 2020 ஐமேக்’ என்று அறிமுகம் செய்து மேக்ஓஎஸ்ஸை எழுப்பிவிடும். உள்ளே இருப்பது அசல் மேக்ஓஎஸ், வாசலில் நிற்பது ஓப்பன்கோர். இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. ஆனால் புரிந்த பிறகுதான் பிழைகளைத் தேடத் தெரிந்தது.

ஏனென்றால் முதலில் நான் செய்தது தவறான வழி. என் போர்டு மாடலையே வைத்திருந்த யாரோ ஒருவர் தந்த இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே இறக்கிப் போட்டேன். திரையில் வெள்ளை எழுத்து ஓடி, எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட் என்ற வரியில் நின்றது. மூன்று நாள் அதே வரி. அந்த ஃபோல்டரில் எதை எதற்காக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, அதனால் எதை மாற்றுவது என்றும் தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஓப்பன்கோர் வழிகாட்டியைப் படித்து வரிக்கு வரி நானே எழுதினேன். என் பயாஸில் சிஎஃப்ஜி லாக்கை (பிராசஸரின் ஓர் அமைப்பை மாற்றவிடாமல் பூட்டி வைப்பது) அணைக்கும் வசதி இல்லை, அந்த ஃபோல்டர் அதை அணைத்திருப்பார்கள் என்று நினைத்து எழுதப்பட்டது. ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில் அதற்கென்று இருக்கும் ஒரு குறிப்பை ‘ஆம்’ என்று மாற்றியதும் நிறுவும் திரை வந்துவிட்டது. அடுத்தவர் இஎஃப்ஐயை எடுக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

நிறுவுவதைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். கையில் மேக் இல்லாவிட்டால், ஓப்பன்கோரோடு வரும் மேக்ரெக்கவரி என்ற பைதான் நிரலை வைத்து ஆப்பிள் சர்வரிலிருந்து சின்ன ரெக்கவரி படிமத்தை மட்டும் பென் டிரைவில் இறக்கலாம். மீதி முழுவதும் நிறுவும்போது இணையத்தில் வரும். அதனால் லேன் கேபிள் வேலை செய்தே ஆக வேண்டும், அதற்குரிய கெக்ஸ்டை முதலிலேயே வைத்துவிடுங்கள். எனக்கு எல்லாம் முழுக்க இறங்கி, இரண்டாவது ரீஸ்டார்ட்டில் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. வட்டை அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த முறை நண்பர் ஒருவரின் மேக்புக்கில் முழு நிறுவல் பென் டிரைவ் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் யூஎஸ்பி. பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இங்கேதான், நானும் தவறவிட்டேன். மேக்ஓஎஸ் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட் மட்டுமே ஏற்கும். போர்ட் எண்ணைக் குறிக்க அது ஒரே ஒரு பதினறும இலக்கத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறது, பூஜ்யத்தை விட்டால் 15தான் மிஞ்சும். நம் போர்டில் 10 ஓட்டை கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நீலநிற யூஎஸ்பி 3 ஓட்டை ஒவ்வொன்றும் இரண்டு போர்ட்டாகக் கணக்காகும், யூஎஸ்பி 2க்கு ஒன்று, 3க்கு ஒன்று. வெளியே எடுக்காமல் போர்டிலேயே இருக்கும் இணைப்புகளும் கணக்கில் வரும். என் பி460 போர்டில் 20ஐத் தாண்டியது. எந்த 15 வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு யூஎஸ்பி மேப்பிங் என்று பெயர். ஒரு யூஎஸ்பி 2 மவுஸையும் ஒரு யூஎஸ்பி 3 பென் டிரைவையும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் செருகி எந்த எண் எரிகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மணி நேர வேலைதான்.

நான் அதைச் செய்யவில்லை. ஓப்பன்கோரில் அந்த 15 வரம்பையே தூக்கிவிடும் ஒரு அமைப்பு உண்டு. நிறுவும்போது மட்டும் தற்காலிகமாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். நன்றாக ஓடுகிறதே என்று அதை அப்படியே விட்டுவிட்டு மாமாவிடம் கணினியைக் கொடுத்தேன். ஜனவரியில் அடுத்த பதிப்பான பிக் சர் போட்டேன், அதுவும் ஓடியது. தை, மாசியில் கல்யாண வேலையும் வந்தது. ஸ்லீப்பில் போட்டால் உடனே தானாக விழித்துக்கொள்ளும் என்ற ஒரே குறையைத் தவிர மாமாவுக்குக் கணினி பிடித்துப்போனது. அந்தக் குறையும் யூஎஸ்பி மேப் செய்யாததால் வந்ததுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2021 ஏப்ரல் கடைசியில் பிக் சர் 11.3 வந்தது. அழகர் ஆற்றில் இறங்காத இரண்டாவது வருடம், ஊரே களையிழந்து கிடந்தது. இரவு 10 மணிக்கு மேல் ஊரடங்கு. பத்தரைக்கு மாமா போன் செய்தார்.

“மாப்ள, அப்டேட்டுன்னு வந்துச்சு, அமுக்கிட்டேன். ஆப்பிள் வருது, போகுது, வருது, போகுது. என்னன்னு பாரேன்.”

11.3இல் ஆப்பிள் யூஎஸ்பி பகுதியை மாற்றியிருந்தது. வரம்பைத் தூக்கும் அந்த அமைப்பு இருந்தால் கணினி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். இது நடக்கும் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. தானியங்கி அப்டேட்டை அணைத்து வைக்காததும் நான்தான். மாமா மேல் ஒரு தப்பும் இல்லை. ஆப்பிள் வந்து போகும் கணினியை போனில் சரிசெய்ய முடியாது. ஊரடங்கில் இரவு 20 கிலோமீட்டர் பைக்கில் போகவும் முடியாது. மறுநாள் ஞாயிறு இல்லை என்பது மட்டும் ஆறுதல், ஞாயிறென்றால் முழு ஊரடங்கு.

அன்று இரவு தூங்காமல் கிடந்ததற்குக் காரணம் ஒன்றுதான். பாதி வெட்டிய ஒரு கல்யாண வீடியோ அந்தக் கணினியில் இருந்தது. படம் பிடித்த கோப்புகள் தனி வட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் வெட்டிய வேலை ஃபைனல் கட் லைப்ரரியில் இருந்தது, ஃபைனல் கட் மேக்கில் மட்டும்தான் திறக்கும். எத்தனை நகல் எடுத்து வைத்தாலும் திறக்க இன்னொரு மேக் வேண்டும். பேக்கப் இருக்கிறது என்று நான் மாமாவிடம் தைரியம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மைதான்.

காலையில் போனேன். நல்லவேளையாக ஆல்பம் வடிவமைப்புக்காக இன்னொரு எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டிருந்தோம். அதில் ஏறி, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளை மூலம் மேக் வட்டின் இஎஃப்ஐ பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்தேன். நோட்பேடை அட்மினாகத் திறந்து கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு ‘ட்ரூ’வை ‘ஃபால்ஸ்’ ஆக்கினேன். ரீஸ்டார்ட் செய்ததும் மேக்ஓஎஸ் எழுந்தது. மொத்தம் பத்து நிமிடம். ஆனால் இப்போது வரம்பு திரும்பிவிட்டது அல்லவா, முதல் 15க்கு மேல் வரும் யூஎஸ்பி 3 போர்ட்டுகள் எல்லாம் செத்துவிட்டன. படங்கள் இருந்த வெளி வட்டை நீல ஓட்டையில் செருகினால் தெரியவில்லை. கறுப்பு ஓட்டையில் செருகினால் தெரிந்தது, ஆனால் ஆமை வேகம். அத்தை போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய யூஎஸ்பி மேப்பிங்கை அன்று செய்தேன். ஸ்லீப் பிரச்சினையும் அன்றோடு போனது.

அதற்குப் பிறகு மாமாவின் கணினிக்கு ஒரு ஒழுங்கு வைத்தோம். தானியங்கி அப்டேட் கிடையாது. புது அப்டேட் வந்தால் இரண்டு வாரம் பொறுப்பது, முதலில் ஓப்பன்கோரையும் கெக்ஸ்டுகளையும் புதுப்பிப்பது, அதை பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்த பிறகே வட்டில் ஏற்றுவது. ஓடிக்கொண்டிருக்கும் இஎஃப்ஐயின் நகல் ஒன்று எப்போதும் ஒரு பென் டிரைவில், தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, மேசை டிராயரில் இருக்கும். கல்யாண வேலை கையில் இருக்கும்போது எதையும் தொடுவதில்லை. இதற்கப்புறம் பெரிய தொல்லை வரவில்லை. ஆனால் எந்தத் தொல்லை வந்தாலும் நான்தான் போக வேண்டும். ஆதரவு இல்லாத ஓஎஸ் என்பதற்கு நடைமுறை அர்த்தம் அதுதான், சர்வீஸ் சென்டர் நான். 2023இல் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் மாமாவை ஒரு மேக் மினி வாங்கவைத்தேன்.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சொல்லாமல் விடுவது சரியில்லை. மேக்ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் இப்படிக் கணினி செய்து விற்க ஆரம்பித்தது. ஆப்பிள் வழக்குத் தொடுத்து 2009இல் ஜெயித்து, விற்பனைக்குத் தடையும் வாங்கியது. வீட்டில் தனக்காகச் செய்பவர்களும் ஒப்பந்தத்தை மீறித்தான் செய்கிறார்கள். மாமாவுக்குச் செய்துகொடுத்தபோது எனக்கும் இது தெரியும். பணம் நெருக்கியதால் செய்தோம், அது அதைச் சரியாக்கிவிடாது. காசுக்கு இப்படிப் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்ட இரண்டு பேருக்கும் முடியாது என்றுதான் சொன்னேன். உங்களிடம் யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்த சிப்புக்கு மாறியது. 2025 செப்டம்பரில் வந்த டஹோ 26தான் இன்டெல் கணினிகளுக்கான கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. டஹோவிலேயே பழைய ஆடியோ டிரைவரை எடுத்துவிட்டதால் ஆப்பிள்ஏஎல்சியை மட்டும் வைத்துச் சத்தம் வராது. அடுத்த பதிப்பு நம் பிராசஸரில் எழவே எழாது, எந்த ஓப்பன்கோரும் அதை மாற்ற முடியாது. ஆப்பிள் வழக்கமாகப் பழைய இரண்டு பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கும், அதை வைத்துப் பார்த்தால் 2028 வரை ஓட்டலாம். ஆனால் உங்களுக்கு அதற்கு முன்பே முட்டும். ஆப் ஸ்டோருக்கு அனுப்ப ஆப்பிள் சொல்லும் எக்ஸ்கோட் (ஆப் எழுதும் ஆப்பிளின் மென்பொருள்) பதிப்பு வருடா வருடம் ஏறும். 2025 ஏப்ரலில் எக்ஸ்கோட் 16 கட்டாயமானது, அதற்கு மேக்ஓஎஸ் சோனோமா 14.5 வேண்டியிருந்தது. இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகும்.

அதனால் ஐபோன் ஆப் எழுதுவதற்காக மட்டும் இந்தக் கணினியில் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று பணம் போடாதீர்கள். எம்4 மேக் மினி 2024இல் 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாய்க்கு வந்தது, மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. பழைய எம்1 மினி இன்னும் குறைவாகக் கிடைக்கும். அதுவும் இன்றைக்கே வேண்டாம். ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழிக்கு 2020 முதல் விண்டோஸிலேயே அதிகாரபூர்வ நிறுவல் இருக்கிறது. திரை வடிவமைப்புப் பகுதி மட்டும் வராது, மொழியை முழுக்கப் பழகலாம். ஒரே நிரலை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப்பாக்கும் ஃப்ளட்டரில் எழுதினால் ஆண்ட்ராய்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம், ஐபோனுக்குக் கட்டும்போது மட்டும் மேக் வேண்டும். குறிநிரல் பொதுவில் இருந்தால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் மேக் கணினியை அதற்கு இலவசமாகவே தருகிறது. இரண்டாம் ஆண்டுதானே, அடுத்த ஆறு மாதத்துக்கு இதுவே தாராளம்.

ஆனால் உங்கள் கேள்வியில் “எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ஆசை” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து திரை வருவதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மூன்று நாள் எக்ஸிட்பிஎஸ் வரியில் நின்றபோது கற்றது. அந்த ஆசைக்காகச் செய்வதென்றால், ஆர்எக்ஸ் 560 மாதிரி மின்சாரம் குறைவாக எடுக்கும் பழைய கார்டு யாரிடமாவது கடனாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். தனி எஸ்எஸ்டி ஒன்றில் மட்டும் போடுங்கள். நிறுவும்போது விண்டோஸ் வட்டின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மேக் நிறுவியில் வட்டு பெயர்களைப் பார்த்துக் குழம்பித் தவறானதை அழிப்பது சுலபம். உங்கள் முதன்மை ஆப்பிள் கணக்கில் நுழைய வேண்டாம். கல்லூரி ப்ராஜெக்ட் எதுவும் அந்த வட்டில் இருக்கக் கூடாது.

கார்டு கிடைத்துவிட்டால் மதர்போர்டின் மாடல், அதிலுள்ள லேன் சிப், ஆடியோ சிப் மூன்றின் பெயரையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் பார்க்கலாம். எந்த அட்டவணை, எந்த கெக்ஸ்ட் வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். யூஎஸ்பி மேப்பை மட்டும் முதல் நாளே, விண்டோஸில் இருந்தபடியே யூஎஸ்பிடூல்பாக்ஸ் வைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.